மீதியை அது எழுதும்

நறுமுகை அந்த வாக்கியத்தை எழுதியபோது வகுப்பறையில் ஆசிரியை பூங்கோதையைத் தவிரப் பெரியவர்கள் வேறு யாரும் இல்லை. மற்றக் குழந்தைகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்ததற்கான டோனைக் கற்பிக்கும் கருவியான அகவி ஒலித்து ஓய்ந்திருந்தது. வேன் துணையாள் சுப்பிரமணி எப்போதும்போலக் கதவருகே எட்டிப் பார்த்து, "போலாங்களா கண்ணுகளா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திறக்கப் போய்விட்டார்.

நறுமுகை மட்டும் எழுந்திருக்கவில்லை. தன் முன்கையைக் கடித்தாள். பல் பதியும்வரை கடித்தாள். பூங்கோதை ஓடிவந்து விடுவிப்பதற்குள் அவளே கையை எடுத்துவிட்டு எழுத்துப் பலகையின் பக்கம் திரும்பி, விரலால் படபடவென்று தட்டினாள். திரையில் பச்சை எழுத்துகள் எழுந்து நின்றன.

'மணி மாமா வேண்டாம். மணி மாமா வந்தால் எனக்கு வலிக்கிறது.'

அகவி அதை வாய்விட்டு வாசித்தது, ஏழு வயதுப் பெண் குழந்தையின் குரலில். நறுமுகை பிறந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசியவளில்லை. அந்தக் குரலை அவளுக்கென்று தேர்ந்தெடுத்தவள் அவள் அம்மா ஹரிணி.

பூங்கோதை வெளியே பார்த்தாள். வாசலில் சுப்பிரமணி ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி வேனில் உட்கார வைப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. வண்டி தானே ஓடும். ஓட்டுநர் என்று எவரும் அதற்குத் தேவையில்லை. ஆனால் சிறப்புக் குழந்தைகள் போகும் வண்டியில் மனிதத் துணை ஒன்று இருந்தாக வேண்டும் என்பது விதி. பெல்ட் மாட்டுவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, அழுதால் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அவர் வேலை. குழந்தைகளுக்கு அவர் மணி மாமா. எட்டு ஆண்டுகளாக அந்தக் கைகள்தாம் குழந்தைகளைத் தூக்கி இறக்குகின்றன.

'அந்தக் கைகள்தாம்' என்று மனத்தில் ஓடியதும் பூங்கோதை ஜன்னலை விட்டு விலகினாள்.

அவள் வெளியே போனாள். "மணியண்ணா, இன்னிக்கு நீங்க போக வேண்டாம். நானே கூடப் போறேன். நீங்க ஆபீஸ் ரூம்ல உட்காருங்க."

"ஏனுங்க டீச்சர், ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவர் என்று ஊரே சொல்லும் ஆட்கள்தாம் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள் என்று பயிற்சி வகுப்பில் அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவளே இளைய ஆசிரியைகளுக்கு அதைச் சொல்லித் தந்திருக்கிறாள். பழக்கம் சாட்சி ஆகாது.

ஈரோட்டுக்கு வெளியே, பெருந்துறைச் சாலையில் இருந்தது அந்த அரும்பு சிறப்புப் பள்ளி. ஆட்டிசக் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்றுத்தரும் அகவி என்ற நிரலை அங்கே கொண்டுவர நிர்வாகத்தோடு ஓராண்டு சண்டை போட்டவள் பூங்கோதைதான். குழந்தையின் கண் படத்தில் எங்கே தங்குகிறது, கைப்பட்டையில் நாடி எப்போது ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்து, அந்தக் குழந்தைக்கென்றே பாடத்தை மாற்றும் அது. சலிக்காது, கோபப்படாது, ஒரே சொல்லை ஆயிரம் தடவை கேட்டாலும் அதே குரலில் சொல்லும். குழந்தை வாசிக்கத் தேறியதும் எழுதவும் வைக்கும். இரண்டு எழுத்தைக் குழந்தை தொட்டால் போதும், அது சொல்ல வருவதை ஊகித்து வாக்கியமாக்கித் தரும். 'உங்கள் குழந்தை தொடங்கட்டும், மீதியை அகவி எழுதும்' என்றுதான் பெற்றோர் கூட்டத்தில் அவளும் சொன்னாள்.

பேச்சற்ற குழந்தைகள் இத்தகைய கருவிகளில் எழுதுவது அவர்கள் வாய்மொழியாகவே கொள்ளப்பட வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவள் பள்ளியில் பாயசம் வைத்தாள். அந்தச் சட்டத்துக்காக ஆட்சியர் அலுவலக வாசலில் பதாகையோடு வெயிலில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி. வலியைச் சொல்லும் எந்த வாக்கியத்தையும் அன்றே பெற்றோருக்கும் குழந்தைகள் நல அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது.

குழந்தைகளை வேனில் வீடு சேர்த்துத் திரும்பியதும் அவள் தெரிவித்தாள்.

அதிகாரி வருவதற்கு முன்பே நறுமுகையின் அப்பா தரணிதரன் வந்துவிட்டார். சாயப்பட்டறையில் மேலாளர், குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று அவர் எதுவும் பேசவே இல்லை. வண்டியை ஸ்டாண்ட் போடாமல் கீழே சாய்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் கழற்றிப் பிடித்தபடி நேராக ஆபீஸ் அறைக்குள் போனார். பூங்கோதை பின்னால் ஓடிப் போவதற்குள் உள்ளே எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

"நானுங்களா? ஐயோ, நானுங்களா?" என்று சுப்பிரமணி கேட்டுக்கொண்டே இருந்தார். அடியைத் தடுக்க உயர்த்திய இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. தடுத்த பூங்கோதையின் தோளிலும் ஓர் அடி விழுந்தது. அதன் பிறகுதான் தரணிதரன் நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதார்.

அதிகாரி ஃபர்சானா வந்ததும் சுப்பிரமணியைக் காவலோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நிதானமான பெண்மணி. திரையில் நின்ற வாக்கியத்தைப் பலமுறை படித்தார்.

"நீங்க இதை நம்பறீங்களா?"

"தெரியல மேடம்."

"தெரியலைன்னா?"

பூங்கோதை தயங்கினாள். சொல்லலாமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. "'மணி மாமா வந்தால்'னு இருக்கு பாருங்க. இந்த 'வந்தால்' அவளுக்கு நான் சொல்லித் தரவே இல்ல. அகவி பாடத்துலயும் இன்னும் வரல. மரம், பூட்டு, சீப்பு, வேண்டும், வேண்டாம், அவ்வளவுதான் அவ நிலை. இந்த 'வந்தால்' எங்கிருந்து வந்துச்சு?"

"கருவி சேர்த்திருக்கும். அதுக்குத்தானே அது இருக்கு."

"எவ்வளவு சேர்த்திருக்கு? அதான் என் கேள்வி. 'வந்தால்' மட்டுமா? 'வலிக்கிறது'மா? முழுசுமா?"

ஃபர்சானா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சர், நீங்க கேட்கறது எனக்குப் புரியுது. நாளைக்கே சோதிச்சுப் பார்க்கலாம். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோங்க. இதைக் கருவிதான் எழுதிச்சுன்னு நாம நிரூபிச்சுட்டா, அடுத்த மாசம் வேற ஊர்ல நிஜமாவே அடிபட்ட ஒரு குழந்தை எழுதும். அப்ப எதிர்த்தரப்பு வக்கீல் நம்ம அறிக்கையைத்தான் எடுத்துக் காட்டுவார். அந்தக் குழந்தை வாயை நாமளே மூடின மாதிரி ஆகும்."

"நிரூபிக்காம விட்டா?"

"ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போவார்." அவர் கைப்பையை மூடினார். "ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு வேணாம். ஆனா ஏதோ ஒண்ணு நடக்கத்தான் போகுது."

மறுநாள் காலை பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அகவி நிறுவனத்திலிருந்து ஆதில் என்ற இளம் பொறியாளன் கோவையிலிருந்து வந்திருந்தான். ஹரிணி மகளைத் தோளில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. தரணிதரன் பூங்கோதையைப் பார்க்காமல் ஜன்னலோரம் நின்றார்.

சோதனை எளிதுதான். அகவியின் கேமரா இல்லாத சமையலறைக்கு நறுமுகையை ஃபர்சானா மட்டும் அழைத்துப் போவார். அவளுக்குத் தெரிந்த பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்க்க வைப்பார். பிறகு வகுப்பறைக்குக் கூட்டிவந்து, உள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டும். அது என்ன பொருள் என்று பூங்கோதைக்கும் தெரியாது, அகவிக்கும் தெரியாது. நறுமுகைக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் தடவை உள்ளே போய்வந்து உட்கார்ந்த நறுமுகை பலகையைத் தொட்டாள். திரை எழுதியது: 'பூங்காவில் நான் பந்து விளையாடினேன்.'

ஃபர்சானா தலையசைத்தார். இல்லை. அவர் காட்டியது பூட்டு.

இரண்டாம் தடவை: 'சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் அம்மா.' காட்டியது சீப்பு.

மூன்றாம் தடவை: 'கதை சொல்லுங்கள் டீச்சர், எனக்குக் கதை ரொம்பப் பிடிக்கும்.' காட்டியது கத்தரிக்காய்.

மூன்றையும் அந்த இனிய குரல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தது. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ஹரிணியின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"அப்ப என் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றாள். "ரெண்டு வருஷமா என்கூடப் பேசினது யாரு டீச்சர்? என் பொறந்த நாளுக்கு 'அம்மா, நீதான் என் உலகம்'னு எழுதினாளே. அதை ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கேனே. அது யாரு?"

ஃபர்சானா மெதுவாகச் சொன்னார்: "வாக்குமூலமா இதை ஏத்துக்க முடியாதுன்னு எழுதிடறேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

சுப்பிரமணி தப்பித்தார் என்று பூங்கோதைக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கா. சீக்கிரம். கதை. பூட்டு. சீப்பு. கத்தரி.

"இருங்க மேடம்," என்றாள். "முதல் எழுத்தைப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பூட்டுக்குப் 'பூ' தொட்டிருக்கா. அது பூங்கான்னு ஆக்கிடுச்சு. சீப்புக்குச் 'சீ'. கத்தரிக்கு முதல் எழுத்து 'க'. அவ சரியாத்தான் ஆரம்பிக்கறா. இது முடிக்க விடல." அவள் ஆதிலிடம் திரும்பினாள். "அந்த வாக்கியம் முடிக்கிற வேலையை நிறுத்துங்க. அவ தொடற எழுத்து மட்டும் திரையில வரட்டும்."

"மேடம், அதுக்கு மேலிடத்துல அனுமதி..."

"நிறுத்துப்பா," என்றார் ஃபர்சானா.

ஆதில் தன் கணினியில் ஏதோ செய்தான். திரை வெறுமையாயிற்று. கீழே எழுத்துகள் மட்டும் நின்றன.

நான்காம் தடவை உள்ளே போய் வந்த நறுமுகை 'பூ' என்று தொட்டாள். திரையில் 'பூ' மட்டும் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். வழக்கமாக இந்நேரம் நீண்ட வரி ஒன்று ஓடியிருக்கும். ஓடவில்லை. கையை இழுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடினாள். ஹரிணி எழுந்திருக்கப் போனபோது பூங்கோதை கண்ணால் தடுத்தாள். பிறகு விரல் மெல்ல இறங்கியது. 'ட்'. மறுபடி ஆட்டம். கடைசியாக 'டு'.

பூட்டு.

ஃபர்சானா கைக்குள் மறைத்து வைத்திருந்த பித்தளைப் பூட்டை மேசைமேல் வைத்தார்.

ஹரிணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. "படிக்கறா," என்றார் தரணிதரன். "ஏனுங்க, நெசமாவே படிக்கறா." அதுவரை யாரையும் பார்க்காமல் இருந்தவர் ஆதிலின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஆனால் பூங்கோதைக்கு அந்த நிமிடத்திலேயே வேறொன்று தோன்றியது. இவளுக்கு எழுதத் தெரியும் என்றால், நேற்று எழுதியதிலும் இவளுடையது ஏதோ இருக்கிறது.

ஃபர்சானாவுக்கும் அது உறைத்திருந்தது. அவர் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, "உனக்கு என்ன சொல்லணும்னு இருக்கோ, எழுது கண்ணு," என்று மட்டும் சொன்னார். சுப்பிரமணியின் பெயரைச் சொல்லவில்லை. நறுமுகை பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பலகையைத் தொடவே இல்லை. நேரம் போயிற்று.

அகவியின் வகுப்பு நேரம் முடிந்தது. வழக்கமான டோன் ஒலித்தது.

நறுமுகை பூட்டைக் கீழே போட்டாள். நேற்றைய பல் தடத்தின் மேலேயே முன்கையைக் கடித்தாள். பூங்கோதை பாய்ந்து அவள் தாடைக்கும் கைக்கும் நடுவே தன் விரலைக் கொடுத்தாள். கடி அந்த விரலில் விழுந்தது. கையை விடுவித்துக்கொண்ட குழந்தை, மறு கையால் பலகையில் தட்டினாள். இம்முறை நிறுத்தி நிதானிக்கவில்லை. எப்போதோ பழகிப்போன சொற்களைப்போல விறுவிறுவென்று.

ம. ணி. வே. ண். டா. ம்.

"பார்த்தீங்களா?" தரணிதரனின் குரல் கிழிந்தது. "இப்ப எந்த மிஷினும் எழுதலையே. என் பொண்ணே எழுதிட்டாளே. மணி வேண்டாங்கறாளே!"

ஹரிணி மகளைக் கட்டிக்கொண்டாள். ஆதில் தலை குனிந்திருந்தான். ஃபர்சானா எழுந்து கைப்பேசியை எடுத்தார். ஆஸ்பத்திரிக் காவலருக்கு என்று பூங்கோதைக்குப் புரிந்தது.

ரத்தம் கசிந்த விரலைப் பிடித்தபடி அவள் கதவைப் பார்த்தாள். நேற்று வகுப்பு முடிந்ததும் சுப்பிரமணி அங்கே நின்றார். இன்று யாரும் இல்லை. காலையிலிருந்து அந்தக் கதவருகே யாருமே வரவில்லை. பின் எதைப் பார்த்துக் குழந்தை கையைக் கடித்தாள்?

"ஆதில்," என்றாள். "இப்ப ஒரு சத்தம் வந்துச்சே. அது என்ன?"

"டோன் மேடம். செஷன் முடிஞ்சா வரும்."

"டோன்னா? என்ன சத்தம் அது?"

"சின்ன வெண்கல..." அவன் நிறுத்திவிட்டான். அவன் முகம் மாறுவதை எல்லோரும் பார்த்தார்கள். "மணி மேடம். மணியோசை."

ஃபர்சானா கைப்பேசியைக் கீழே இறக்கினார்.

"'ம' எழுத்துக்கு அகவி என்ன படம் காட்டும்?"

"மரம், மயில்... மணி."

"மணிப் படம் காட்டும்போது?"

"இதே சத்தத்தைத்தான் போடும்."

வகுப்பு முடிகையில் நறுமுகை கை கடிப்பது புதிதல்ல. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இந்தக் குழந்தைகளுக்குக் கடினம், கிளம்பும் நேரத்துப் பதற்றம் என்றுதான் பூங்கோதை நினைத்திருந்தாள். பூங்கோதையின் காதுக்கு அந்த ஓசை இனிமையாக இருந்தது; நறுமுகைக்கு அது வலியாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. மற்றக் குழந்தைகள் அதற்குக் கை தட்டுவார்கள்.

"அகவிக்கு இது தெரியலையா? அவ மணின்னு தொடறா, மணி அடிச்சதும் தொடறா. எல்லாத்தையும் கவனிக்குமே அது!"

"அதோட சத்தம் அதுக்குக் கேட்காது மேடம்." ஆதில் யாரையும் பார்க்காமல் பேசினான். "தான் எழுப்பற சத்தத்தைக் கழிச்சிட்டுத்தான் அது அறையைக் கேட்கும். இல்லன்னா தன் குரலையே குழந்தை குரல்னு எடுத்துக்கும். அதனால மணி அடிச்சது அதைப் பொறுத்தவரைக்கும் நடக்கவே இல்ல. நாடி திடீர்னு ஏறுது. கதவுல ஒருத்தர் நிக்கறார். அவர் பேரு மணின்னு பள்ளிக்கூடமே பதிஞ்சு வச்சிருக்கு. குழந்தை 'மணி வேண்டாம்'னு தொடுது."

"மீதியை அது எழுதிடுச்சு," என்றாள் பூங்கோதை.

தரணிதரன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது ஊகம்தான்," என்றார் ஃபர்சானா. குரல் தடுமாறினாலும் அவர் விடவில்லை. "ஒரு ஆளை விடுவிக்க எனக்கு இது போதாது."

"இன்னொரு தடவை அடிச்சுப் பார்க்கலாம்," என்றான் ஆதில். "ஒரே தடவை."

ஹரிணி எழுந்து போய் ஒலிபெருக்கியின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்துப் பொத்தினாள். "வேண்டாங்கறா இல்ல? எழுதியே காட்டிட்டா இல்ல? இன்னும் என்ன?"

பூங்கோதை அலமாரியிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தாள். ஒன்று, வேனில் யார் யார் வருவார்கள் என்று குழந்தைகளுக்குக் காட்டும் புகைப்பட அட்டை. சுப்பிரமணி அதில் காக்கிச் சட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றது எழுத்துப் பாடத்தின் மணிப் படம். ஃபர்சானா இரண்டையும் வாங்கி, இடம் வலம் மாற்றி மாற்றி நறுமுகையின் முன்னால் தாமே வைத்தார்.

நறுமுகை முதலில் மணிப் படத்தை எடுத்தாள். கவிழ்த்து நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு புகைப்படத்தை எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, இடுப்பில் பெல்ட் மாட்டுவதுபோல் கையை இழுத்து, நாக்கால் 'டக்' என்று ஒலி எழுப்பினாள். வேனில் அவர் செய்யும் ஒலி அது. ஃபர்சானா இடம் மாற்றி மறுபடி வைத்தார். மறுபடியும் அதேதான்.

மூன்றாம் முறை அவர் அட்டைகளை வைக்கவில்லை. "போதும்," என்றார்.

சுப்பிரமணிமேல் எந்த வழக்கும் பதியப்படவில்லை. தரணிதரன்மேல் பதியப்பட்டது. அவர் மறுக்கவில்லை.

சில நாள் கழித்து ஹரிணி மகளைப் பள்ளியில் விட வந்தாள். அகவியின் மணியும் வாக்கியம் முடிக்கும் வேலையும் அரும்பு பள்ளியில் நிறுத்தப்பட்டிருந்தன. ஃபிரேமைக் கழற்றிவிட்டதாக அவளே சொன்னாள்.

"முழுசும் பொய்யின்னு சொல்ல முடியாதுங்க ஹரிணி. முதல் எழுத்து அவளோடதாக்கூட இருக்கலாம். 'அம்மா'ன்னு தொட்டிருக்கலாம்."

"தொட்டிருக்கலாம். 'அரிசி'ன்னு எழுத வந்து 'அ' தொட்டிருக்கலாம்." ஹரிணி சிரிக்க முயன்றாள். "நேத்து தலை வாரி விடப் போனேன் டீச்சர். பலகையை எடுத்து ஒரே எழுத்துத் தொட்டா. 'போ.' என்னைத்தான். போய் ஒரு ஓரமா உட்கார்ந்து அழுதேன். அப்புறம் நெனச்சேன், இத்தனை வருஷத்துல அவ எங்கிட்டப் பேசின முதல் வார்த்தை இதுதான்னு."

பூங்கோதை அன்று பிற்பகல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முன்பே இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பியிருந்தாள். சுப்பிரமணியின் கை மாவுக்கட்டில் இருந்தது. அவர் மனைவி அவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"உட்காருங்க டீச்சர்," என்றார்.

"மணியண்ணா, உங்ககிட்ட என்ன சொல்றதுன்னே..."

"நீங்க சட்டப்படி செஞ்சீங்க. தப்புச் சொல்லலீங்க." வலக் கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "முகை அப்பனையும் நான் குத்தஞ் சொல்லலீங்க. எம்புள்ளைக்கு இப்படின்னு எவனாச்சும் சொல்லியிருந்தா நானும் அடிச்சிருப்பேன். ஆனா ஒண்ணுங்க. நானுங்களா, நானுங்களான்னு எத்தனை தடவை கேட்டேன். அந்தப் பொட்டி ஒரு தடவை சொல்லுச்சு. நீங்க அதை நம்புனீங்க."

போர்வையின் மறு ஓரத்தை அவள் சரிசெய்துவிட்டாள்.

"கை சரியானதும் வாங்கண்ணா. பிள்ளைங்க தேடுது. நறுமுகை உங்க போட்டோவை விடவே மாட்டேங்கறா."

அவர் மாவுக்கட்டின் மேல் வலக் கையை வைத்தார். "வரமாட்டனுங்க. கோவமில்லீங்க. இனி ஒரு கொழந்தைக்குப் பெல்ட்டு மாட்டக் கையக் கொண்டுபோனா, எங்கை என்னையே பார்க்கும். அதோட எப்படீங்க வேலை செய்யறது?"

வராந்தாவுக்கு வந்ததும் அவள் கைப்பேசி அடித்தது. ஆதில்.

"மேடம், மத்த பள்ளிகள்லயும் பார்க்கச் சொன்னீங்களே. பார்த்தோம். 'மணி வேண்டாம்'னு தொட்ட குழந்தைங்க வேற ஊர்லயும் இருக்காங்க. நிறையப் பேர்."

"அங்கேயும் யார் மேலயாவது...?"

"இல்ல இல்ல. அங்கெல்லாம் மணின்னு யாரும் இல்ல. அதனால..." அவன் தயங்கினான். "அதனால அகவி வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டிருக்கு. மணின்னா வகுப்பு முடியறது. மணி வேண்டாம்னா, வகுப்பு முடிய வேண்டாம். 'எனக்கு இன்னும் படிக்க வேண்டும்'னு எழுதியிருக்கு. ஆசிரியர்கள் பூரிச்சுப் போயிருக்காங்க. அப்படி எழுதற குழந்தைக்குப் பாடம் தானே நீளும். நீண்ட பாடம் முடிஞ்சதும்..."

"மறுபடி மணி அடிக்கும்."

"ஆமா மேடம்."

"குழந்தை மறுபடி தொடும்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"நிறுத்திட்டீங்கதானே ஆதில்? எல்லா ஊர்லயும்?"

"உங்க பள்ளிக்கு அதிகாரி உத்தரவு இருந்துச்சு. மத்ததுக்கு மேலிடத்துல பேசிட்டிருக்கோம். 'இன்னும் படிக்க வேண்டும்' எண்ணிக்கையைத்தான் அரசாங்கத்துக்கு வெற்றின்னு காட்டியிருக்கோம். உடனே எடுத்தா காரணம் சொல்லணும். அடுத்த வாரம்..."

"இப்ப மணி என்ன?"

"மேடம்?"

"நேரம் என்னப்பா, நேரம்!"

அவனுடைய அலுவலகச் சுவரில் எல்லா ஊர் வகுப்பறைகளும் சிறு சிறு கட்டங்களாகத் தெரியும் என்று முன்பு ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருந்தான். இப்போது அந்தச் சுவரிலிருந்து, கைப்பேசி வழியே, ஒன்றன்பின் ஒன்றாக, மிக இனிமையாக மணி அடிக்கத் தொடங்கியது.